சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது?

அன்புள்ள அக்கா,

எனக்கு 23 வயது. உயரம் 172 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த உடம்புதான். நன்றாகவே சாப்பிடுகிறேன், வீட்டில் என் அளவுக்கு யாரும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் ஒரு கிலோகூட ஏற மாட்டேன் என்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் "காற்றடித்தால் பறந்துவிடுவாய்" என்கிறார்கள். கண்ணாடி முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை. நண்பன் ஒருவன் ஒரு மாத்திரை சொல்கிறான், ஒரே மாதத்தில் கன்னம் வைத்துவிடுமாம். எனக்கு உள்ளே ஏதாவது நோயா? மாத்திரையை எடுக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

மாத்திரை வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

மருத்துவர் எழுதித் தராமல் இப்படிக் கைமாறும் மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருப்பதுண்டு. முகம் உப்புவது உண்மைதான். ஆனால் அங்கே சேர்வது நீரும் கொழுப்பும். தசையை அது கரைக்கத்தான் செய்யும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், தொற்றை எதிர்க்கும் சக்தி குறையும். வாரக்கணக்கில் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், அந்த மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவரிடம் போங்கள்.

சரி, நோயா என்ற கேள்வி. எப்போதுமே ஒல்லியாக இருப்பது வேறு, இருந்த எடை இறங்குவது வேறு. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம், உங்களுக்கு என்றால் இரண்டரைக் கிலோ, குறைந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் நீரிழிவைச் சொல்லும். வாரக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல் என்றால் காசநோய்க்குப் பார்க்க வேண்டும். ஓயாத வயிற்றுப்போக்கு இருந்தால் குடல் சத்தை உறிஞ்சவில்லையோ என்று சந்தேகிக்கலாம். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. என்றாலும் உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 17.6. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 18.5க்குக் கீழே எடைக்குறைவு. ஒரு தடவை மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், மிச்சம் இருப்பது 'நன்றாகவே சாப்பிடுகிறேன்' என்ற அந்தப் பேச்சு. ஆய்வாளர் கிளாட் பூஷார்ட் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 12 ஜோடி ஒரே கரு இரட்டையர்களுக்கு, 100 நாளில் 84 நாள், தேவைக்கு மேல் தினம் 1000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஏறியது. பிறவி உடல்வாகு என்பது சும்மா சொல்வதில்லை. ஆனால் யாருக்குமே ஏறாமல் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது ஆய்வாளர் ஜான் ஸ்பீக்மன் குழுவினர் சீனாவில் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு. நோய் எதுவும் இல்லாத, பிஎம்ஐ 18.5க்குக் குறைந்தவர்களை இரண்டு வாரம் அளந்தார்கள். ஓடியாடித்தான் எரித்துவிடுகிறார்கள் என்று பார்த்தால், மற்றவர்களைவிட 23 சதவீதம் குறைவாகவே அசைந்தார்கள். சாப்பிட்டதும் 12 சதவீதம் குறைவு. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. இருபது வயதில் என் எடை 41 கிலோ. நானும் நிறையச் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். ஒரு வாரம் வாய்க்குள் போனதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். இரவில் தட்டு நிறைய சாப்பிட்டது உண்மை. மறுநாள் மதியம்வரை பசி எடுக்காமல் இருந்ததும் உண்மை. அந்தப் பெரிய தட்டு மட்டும்தான் என் நினைவில் நின்றிருந்தது. எழுதிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

அதனால் முதலில் ஒரு வாரம் எழுதுங்கள், விடுமுறை நாளையும் சேர்த்து. அப்புறம் அதற்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி கூட்டுங்கள். தட்டைப் பெரிதாக்காதீர்கள், வயிறு அடுத்த வேளையில் கழித்துவிடும். இன்னொரு வேளையைச் சேருங்கள். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4தான். அதனால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது பாதாம், சாப்பாட்டின் மேல் ஒரு கரண்டி எண்ணெய் போதும், அளவு பெருக்காமல் கலோரி கூடும். குடிப்பது மெல்லுவதைப்போல வயிற்றை அடைக்காது, எனவே பால் நல்ல துணை. சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் குடிக்காதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாகப் போகும். தினப் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு இருந்தால் தாராளம். எடையை வாரம் ஒருமுறை, காலையில் எழுந்ததும் பாருங்கள். தினம் பார்த்தால் மனம்தான் நோகும்.

உங்கள் உயரத்துக்கு 55 கிலோ தொட்டாலே 18.5ஐத் தாண்டிவிடுவீர்கள். மூன்று கிலோ. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இருபது கிலோ வேண்டும் என்று நினைப்பதுபோலத் தெரிந்தது, அந்த "காற்றடித்தால்" பேச்சு அப்படி ஏற்றிவைத்திருக்கிறது. சொல்கிறவர்களிடம் "இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை" என்று ஒருமுறை நேராகச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அது வலிக்கும் என்றே தெரியாது.

பரிசோதனை முடிவும் நோட்டும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா