சுடவே இல்லை என்கிறாரா அப்பா?

உங்களுக்கு மட்டும் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக அக்காவின் தைராய்டு மாத்திரையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாத்திரையைத் தொடங்கும் முன் நீங்கள் எடுத்த பரிசோதனையில் தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். 2.1, ஹீமோகுளோபின் 12.6. இரண்டிலும் குறையில்லை. அப்புறமும் ஏதோ ஒரு வீடியோவை நம்பி மூன்று வாரம் விழுங்கியிருக்கிறீர்கள். தேவைப்படாத உடம்புக்குள் அந்த மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் போனால் படபடப்பும் தூக்கக்கேடும்தான் மிச்சம். வருடக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் தேயும்.

ஏசி 24-ல் ஓடும்போது கணவர் போர்வையை உதறுகிறார், நீங்கள் சாக்ஸ் தேடுகிறீர்கள். சரி, தேடுங்கள். உடம்பின் பெரிய அடுப்பு தசைதான். உங்கள் 44 கிலோவில் அது கொஞ்சம்தான் இருக்கும். சின்ன உடம்பில் எடையோடு பார்த்தால் தோலின் பரப்பும் அதிகம், சூடு சீக்கிரம் போய்விடும். பழக்கமும் சேர்கிறது. கொரியாவில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் பெண்கள் பருத்தி உடையோடு குளிர்காலத்திலும் இறங்கியவர்கள். 1970களின் பிற்பகுதியில் ரப்பர் உடைக்கு மாறினார்கள். சில வருடங்களில் அந்தத் தாங்கும் திறன் போய்விட்டது. கல்லூரி நாளிலிருந்தே உங்களுக்கு இப்படித்தான் என்கிறீர்கள், அதனால் நான் கவலைப்படவில்லை. புதிதாக ஆரம்பித்து, கூடவே எடை ஏறி, மலச்சிக்கலும் வந்திருந்தால் பேச்சே வேறு.

நான் இரண்டு முறை படித்தது உங்கள் கடைசிப் பத்தியை. "அப்பாவுக்கு 63 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. சித்திரை வெயிலிலும் கோயில் பிரகாரத்தை வெறுங்காலில் மூன்று சுற்று வருவார், சுடவே இல்லை என்பார். எனக்கு மட்டும் ஏன் இந்த நோஞ்சான் உடம்பு?"

ஐந்து வருடத்துக்கு முன் அதே கல் அவருக்குச் சுட்டதா என்று கேளுங்கள். அப்போது சுட்டு இப்போது சுடவில்லை என்றால், பெருமைப்பட ஒன்றுமில்லை. சர்க்கரை நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கும், அதனால் மரத்துப்போவது கால்விரலில் ஆரம்பிக்கும். நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரிவதில்லையா என்றும் விசாரியுங்கள். ஒவ்வொரு கோடையிலும் உள்ளங்கால் வெந்து கொப்புளத்தோடு யாராவது வருகிறார்கள். வலித்து வந்தவர்கள் குறைவு. பாயில் ஈரக்கறையைப் பார்த்து வீட்டார் அழைத்து வந்தவர்களே அதிகம்.

இன்றிரவே அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை அழுத்தாமல் ஒரு விநாடி தொடுங்கள். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை பாதப் பரிசோதனை வேண்டும். உள்ளங்காலில் புண்ணோ கொப்புளமோ கருத்த இடமோ இருந்தால் நாளைக் காலையே கிளம்புங்கள், மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார வேண்டாம்.

அதுவரை வீட்டுக்குள்ளும் செருப்பு. கோயிலுக்கு விடியற்காலையில் போகட்டும். குளிக்கும் வெந்நீரைக் காலை விட்டுப் பதம் பார்க்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வேலையை நீங்கள் செய்யலாம், உங்களுக்குத்தான் நன்றாகச் சுடுகிறதே.