வேளச்சேரிக்கு வெண்பாவில் இடம் உண்டா?

கேள்வி: வெள்ளத்தைப் பற்றி நான் அனுப்பிய வெண்பாவைத் திருப்பிவிட்டீர்கள். அதே இதழில், உரைநடையை ஒடித்துப் போட்ட நான்கு வரியைக் கவிதை என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சங்க காலம் தொட்டு வரும் வெண்பாவைத் தள்ளிவிட்டுப் புதுக்கவிதையை வளர்ப்பது நியாயமா?
– வாசகர், வேளச்சேரி, சென்னை-42

பதில்: சங்க காலத்தை முதலில் முடித்துவிடுவோம். குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு எல்லாம் பெரும்பாலும் ஆசிரியப்பா. கலித்தொகை, பெயரே சொல்கிறது, கலிப்பா. வெண்பா கொடி கட்டிப் பறந்தது குறள், நாலடியார் காலத்தில். அப்புறம் கம்பர் விருத்தத்தைக் கையில் எடுத்தார். பாரதி வெண்பா, சிந்து, கண்ணி எல்லாம் எழுதிவிட்டு 'காட்சி' என்று வசன கவிதையும் எழுதினார். இன்று நாம் ஹைக்கூ என்கிற ஜப்பானியச் சிறு கவிதையைப் பற்றி 1916இல் சுதேசமித்திரனில் கட்டுரையும் எழுதினார். யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், தெரியாமலா? புதுக்கவிதையை வளர்த்த புகழும் எனக்கு வேண்டாம். சி.சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' இதழை நடத்திக் கைக்காசை இழந்தார். அவருக்குச் சேர வேண்டியது அது.

சரி, உங்கள் வெண்பாவுக்கு வருவோம். முதல் அடி:

வெள்ளத்தில் மூழ்கிய வேளச் சேரி

மோனை அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி, தட்டுகிறது. 'வேளச்' தேமா, அதாவது நேர், நேர் என்று இரண்டு ஓரொலி அசை கொண்ட மாச்சீர். மாச்சீருக்குப் பின் நிரை, அதாவது 'படி' போன்ற ஈரொலி அசை, வர வேண்டும். 'சேரி' நேரில் தொடங்குகிறது. சேர்த்து எழுதினாலும் தப்ப முடியாது: வே, ளச், சே, ரி என நான்கும் நேர், நாலசைச் சீரை வெண்பா வாசலிலேயே நிறுத்திவிடும். உங்கள் ஊர்ப் பெயர் அப்படி! வகையுளி செய்து, அதாவது சீருக்காகச் சொல்லை உடைத்து, 'வேளச்சே ரிக்குள்' என்று பிரியுங்கள். 'வேளச்சே' நேரில் முடியும் மூவசைச் சீர், அதாவது காய். காய் முன் நேர், சரியாகிவிட்டது.

ஆக, திருப்பி அனுப்பியது தளைக்காக இல்லை. இரண்டாம் அடியில் ஓர் 'அந்தோ', மூன்றாம் அடியில் 'ஐயகோ', ஈற்றடியில் 'தானே'. சீர் குறையும் இடத்திலெல்லாம் அழுதிருக்கிறீர்கள். ஏழே சீரில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பது குறள். பதினைந்து சீர் கையில் இருந்தும் மூன்றை ஒப்பாரிக்குக் கொடுத்தால் எப்படி?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவர் தளை பார்ப்பதில்லை. தாளம் தவறினால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் விடமாட்டார்கள். அதுவும் ஒரு கட்டுப்பாடுதான். புதுக்கவிதைக்கு அந்தத் தாளக் காவலும் இல்லை என்பதால்தான் அது கஷ்டம். வாக்கியத்தை எழுதி நாலு இடத்தில் எண்டர் தட்டி அனுப்புகிறவர்கள் கணக்கில்லாமல் இருக்கிறார்கள். உங்கள் வெண்பாவைவிட அவை வேகமாகக் கூடைக்குப் போகின்றன. நீங்கள் குறைசொன்ன அந்த நான்கு வரியில் மூன்றாவதை நானே வெட்டியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில், தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று உங்கள் மனைவி மணிக்கொரு தரம் டார்ச் அடித்து எண்ணிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் படியோடு நின்றதாம். வெண்பாவில் அந்த டார்ச்சும் இல்லை, படியும் இல்லை. 'ஊழி' இருக்கிறது, 'பிரளயம்' இருக்கிறது.

மறுபடி எழுதி அனுப்புங்கள், வெண்பாவாகவே. 'ரிக்குள்' தேமா என்பதால் அடுத்த அடியை நிரையில் தொடங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். 'படியெண்ணி' என்று எடுத்தால் பொருந்தும்.