கண்ணாடி கேள்வி கேட்காது

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 27. ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுமினிய வார்ப்புதான் எங்கள் தொழில். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். மாதம் ஒருமுறை மேலாளர்கள் முன் நின்று ஆங்கிலத்தில் அறிக்கை சொல்ல வேண்டும். முதல் நாள் இரவே தூக்கம் போய்விடுகிறது. எழுந்து நின்றால் குரல் நடுங்குகிறது. திரையில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

உணவு இடைவேளைக்குப் பின் இயந்திரத்தை மறுபடி ஓட்டும்போது அச்சு ஆறியிருக்கும். முதலில் வரும் பாகங்களில் உலோகம் சரியாகக் கூடாமல் கோடு விழும். முதல் 5 பாகங்களை ஒதுக்குவது எங்கள் வழக்கம். 12 வரை ஒதுக்க வேண்டும் என்று நான் கண்டுபிடித்தேன். சென்ற மாத அறிக்கையில் அதைக் கடைசித் திரையில் வைத்திருந்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துச் சக ஊழியர் ஒருவர் அதையே பேச்சுவாக்கில் சொல்லிப் பாராட்டு வாங்கினார். ஆனாலும் முறையாக அறிக்கை கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும் என்கிறார்கள்.

தன்னம்பிக்கைக் காணொளிகள் நிறையப் பார்க்கிறேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்கிறேன். பலன் இல்லை. அடுத்த கூட்டம் 10ஆம் தேதி. என்ன செய்யட்டும்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), ஓசூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடி முன் நிற்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கண்ணாடி கேள்வி கேட்காது. நீங்கள் பயப்படுவது பேச்சுக்கா, பேச்சு முடிந்ததும் வரும் கேள்விக்கா என்று யோசித்துப் பாருங்கள். திரையை வாசித்துவிட்டு உடனே உட்கார்ந்துவிடுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் எதுவும் கேட்டுவிடுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் அது. எனக்கும் அது இருந்தது.

எழுத வருவதற்கு முன் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். ரிங் ஃபிரேம் என்னும் நூல் முறுக்கும் இயந்திரப் பகுதியில் நூல் அதிகமாக அறுகிறது என்று அறிக்கை கொடுக்கச் சொன்னார்கள். நூல் சுற்றும் நூறு கதிர்களுக்கு மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்ற கணக்கை எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். “எந்த ஷிஃப்டில் அதிகம்?” என்று ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கணக்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்தேனே தவிர, இயந்திரத்தின் அருகில் போய் நிற்கவில்லை. அன்று நாக்கு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் குரல் அல்ல.

பிறகு மூன்று இரவுகள் அங்கேயே நின்று எண்ணினேன். மூன்றாம் ஷிஃப்டில் ஈரப்பதக் கருவியைப் பாதி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று வறண்டால் பஞ்சிழை முறுக்கில் அடங்காமல் பிரியும், நூல் அறும். அடுத்த கூட்டத்தில் அதே மனிதர் ஆறு கேள்விகள் கேட்டார். ஆறுக்கும் பதில் சொன்னேன். இடையில் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் நான் போகவில்லை.

வள்ளுவர் அவை அஞ்சாமைக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாதவர்கள் அரியவர்கள் என்கிறார். உங்கள் நடுக்கம் அத்தனை பழையது. அதே அதிகாரத்தில் 725ஆம் குறளைப் பாருங்கள். அவையில் அஞ்சாமல் மறுமொழி கொடுப்பதற்காகக் கற்க வேண்டியதை அளவறிந்து கற்க வேண்டும் என்கிறது. அழகாகப் பேசுவதற்காக என்று அவர் சொல்லவில்லை. பதில் சொல்வதற்காக என்கிறார். பல வருடங்களாக இந்தக் குறளை நான் மேலோட்டமாகவே படித்துக் கடந்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது குரல் நடுக்கம் அல்ல, அந்தக் கடைசித் திரை. கண்டுபிடித்ததை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்? முன்னால் வைத்தால் அதைப் பற்றிக் கேட்பார்களே என்றுதானே?

2003ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. ஏறத்தாழ 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து, நாசா அதிகாரிகள் முன் திரைகள் போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு திரையின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம் என்ற தொனியில் இருந்தது. அதே திரையின் அடியில், சிறிய எழுத்தில், சோதனையில் பயன்படுத்திய நுரை 3 கன அங்குலம், இப்போது மோதியதோ 1920 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! அந்தச் சோதனைகள் இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் அதன் பொருள். தலைப்பாக இருந்திருக்க வேண்டிய செய்தி அது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்தத் திரையைத் தனியாக எடுத்து வைத்து விமர்சித்தது.

அவர்கள் பயந்துபோய் அப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. அந்த ஒரு வரியால் மட்டுமே அத்தனையும் நடந்தது என்பதும் சரியல்ல. ஆனால் தெரிந்த உண்மை அடியில் கிடந்தால் தெரியாததற்குச் சமமாகிவிடுகிறது. உங்கள் 12 பாகங்களுக்கும் அதுதான் நடந்தது.

இனி 10ஆம் தேதிக்கு வருவோம். முதல் திரையில் ஒரே வாக்கியம் இருக்கட்டும்: இடைவேளைக்குப் பின் முதல் 12 பாகங்களை ஒதுக்க வேண்டும். பிறகு, உங்களோடு வேலை செய்பவர்களில் கொஞ்சம் கடுமையானவராகப் பார்த்துத் தேநீர் நேரத்தில் பிடியுங்கள். தமிழிலேயே விஷயத்தைச் சொல்லி, குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் பார்த்தாய்? எல்லா இயந்திரங்களிலுமா? இடைவேளை நீண்டால் 12 போதுமா? இவை எளிய கேள்விகள். கடினமானது ஒன்று கட்டாயம் வரும்: “இன்னும் 7 பாகங்களை வீணாக்கச் சொல்கிறாயா?” உடனே ஒதுக்கிய அலுமினியத்தை மீண்டும் உருக்கிவிடலாம். கடைசல், துளையிடுதல் எல்லாம் முடிந்த பிறகு கழித்தால் அந்த உழைப்பும் மின்சாரமும் சேர்ந்து போகின்றன. அது எத்தனை ரூபாய் என்று உங்கள் கணக்குப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ரூபாய்க் கணக்கு கையில் இருக்கும்போது உங்கள் உடம்பு எப்படி நிமிர்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், என்றைக்குள் பார்த்துச் சொல்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொன்ன நாளில் போய்ச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. உங்கள் தொழிலின் சொற்கள் பாதிக்குமேல் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் உங்கள் வாயில் புழங்குகின்றன. சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்து, நின்றபடி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நடுக்கம் அதிகம் இருப்பது அந்த இரண்டு வாக்கியங்களில்தான்.

சக ஊழியர் மீது கசப்பு வேண்டாம். அவர் உங்களிடமிருந்து எடுத்தாரா, தானாகக் கண்டாரா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. முடிந்தால் அந்தக் கடுமையான ஆளாக அவரையே பிடியுங்கள். அவருக்கும் இது தெரிந்த விஷயம், நல்ல கேள்விகள் கேட்பார்.

தேநீர் நேரத்தில் என்னென்ன கேள்விகள் வந்தன என்று 9ஆம் தேதிக்குள் எழுதுங்கள். நான் யோசிக்காதவை அதில் இருக்கும்.

அன்புடன்.