டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் ஏன் சட்டென்று சேர்வதில்லை?

காரைக்குடியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: கேட்ட கதையைப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் மகன், பஸ் போர்டில் ‘கோட்டையூர்’ என்பதைப் படிக்க ஏன் திணறுகிறான்?

அந்தச் சொல்லையே பாருங்கள். கண்ணில் முதலில் படுவது இரட்டைக் கொம்பு. நாவில் முதலில் எழ வேண்டியதோ ககர மெய். பின்னால் நிற்கும் துணைக்காலையும் சேர்த்த பிறகே அது ‘கோ’ ஆகிறது. பழகிய வாசகருக்கு இது நொடிக்குள் முடிந்துவிடும்: இடது மூளையின் பின்புற அடிப்பகுதி எழுத்துருவை அடையாளம் காண, செவியை ஒட்டிய பகுதி அதை ஒலியோடு பொருத்த, நெற்றிப் பக்கத்துப் பகுதி உச்சரிப்பைத் திரட்டுகிறது. இவற்றை இணைக்கும் நரம்பிழைகளில் முக்கியமானது வில்வடிவக் கற்றை.

டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களை ஆராய்ந்த பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், பேச்சொலிகளின் பதிவு மூளையில் பழுதின்றியே இருப்பதையும், அதை நெற்றிப் பகுதி எட்டும் இணைப்புதான் தளர்ந்திருப்பதையும் 2013-இல் வெளியிட்டார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சாமான் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் பத்திரமாக இருக்கிறது. வாசல் பக்கத்து முகப்புக்கு வந்து சேரத்தான் நேரமாகிறது. (எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை, ஒலிப்பதிவே தெளிவற்றது என்போரும் உண்டு.)

இந்த ஆய்வு முடிவுகள் பலரைச் சேர்த்துப் பார்த்த குழுச் சராசரிகள் என்பதால், உங்கள் மகனுக்கு ஸ்கேன் எடுத்துப் பயனில்லை. ‘க்’, ‘ஓ’, ‘கோ’ என்று ஒலியைப் பிரித்தும் கூட்டியும் தினமும் சிறிது நேரம் பழக்குவதே பலன் தரும்.