மறு: பழைய ஓவியத்தின் தோரணையில் அட்டைப்படம் வரைந்தால் நகல் போலவே தெரிகிறது

தோரணையோடு துணி மடிப்பு, வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி எடுத்துவிட்டீர்கள், சிக்கல் அதுதான். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் 1943 மே 29 ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழின் அட்டைக்கு வரைந்த ரோஸி என்ற தொழிற்சாலைப் பெண்ணைப் பாருங்கள். உட்கார்ந்த விதம் மட்டும் மைக்கலாஞ்சலோ வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் தீட்டிய ஏசாயா தீர்க்கதரிசியுடையது. மடியில் ரிவெட் துப்பாக்கி (உலோகத் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் கருவி), கையில் சாண்ட்விச், காலடியில் ஹிட்லரின் புத்தகம், பின்னால் அமெரிக்கக் கொடி: மற்றதெல்லாம் போர்க்காலத் தொழிற்சாலை. மாடலாக இருந்த பெண் ஒல்லி; அந்தப் பருத்த கைகள் ராக்வெல் கொடுத்தவை.

மூல ஓவியத்திலிருந்து தோரணையைக் காட்டும் குச்சி உருவம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஓவியத்தை மூடி வையுங்கள். ஒருவரை அப்படி உட்காரவைத்து, உங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரையுங்கள். தலை இதழின் பெயரில் இடிக்கிறது என்றீர்களே, உருவத்தைச் சுருக்கி மேலே கால்வாசி இடம் விடுங்கள். அச்சான பின் ஓரங்களை வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வரையவும் மறக்காதீர்கள்.