ஆப்பிரிக்க ஏழை உழவர்களுக்கு உதவும் வேளாண் ஆய்வை எங்கிருந்து திட்டமிடத் தொடங்க வேண்டும்?

ஆய்வின் முடிவைப் பயன்படுத்த உழவர் எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1970களில் தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த மாவுப்பூச்சி, ஆப்பிரிக்க ஏழைகளின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்தபோது, மருந்து தெளிக்கப் பெரும்பாலோரிடம் பணமில்லை. நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, அப்பூச்சியின் பிறப்பிடத்திலேயே அதன் இயற்கை எதிரியைத் தேடி, பராகுவேயில் கிடைத்த சிறு ஒட்டுண்ணிக் குளவியை 1981இல் நைஜீரிய வயல்களில் விடத் தொடங்கியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் அக்குளவி தானாகவே பெருகிப் பரவியதால், உழவர் எதையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. இத்தகைய ஆய்வில் விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் தனியார் முதலீடு எளிதில் வராது. பொதுநிதியை முதலில் இங்கேதான் ஒதுக்க வேண்டும். விதை, உரம் சார்ந்த ஆய்வும் தேவையே, ஆனால் கடனும் சாலையும் சந்தையும் இல்லாத ஊர்களில் அதன் பயன் ஏழையை எட்டுவது கடினம்.