இறுதித் தேர்வுக்குத் தினமும் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

கேள்வி: இறுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. தினமும் 10, 12 மணி நேரம் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரவில்லை. என் தோழி 4 மணி நேரம்தான் படிக்கிறாள், மாதிரித் தேர்வில் என்னைவிட அதிகம் வாங்குகிறாள். நான் இன்னும் நேரத்தைக் கூட்ட வேண்டுமா? இரவில் கண்விழித்துப் படிக்கலாமா?

பதில்:

கூட்ட வேண்டாம். கீழே சொல்கிறபடி படித்தால் 12 மணி நேரம் உட்காரவும் உங்களால் முடியாது.

பள்ளி இறுதி வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன், தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தவும் போகிறேன். உங்கள் கேள்வியில் அந்த 10, 12 என்ற எண்களைவிட, "புரிகிறது, ஆனால் எழுத வரவில்லை" என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நேரம் போதாதவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "இன்னும் நாலு பாடம் பாக்கி" என்பார்கள். நீங்கள் பாக்கி வைக்கவில்லை, எல்லாப் பாடத்தையும் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததோடு நின்றதுதான் கோளாறு.

புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு பாடத்தை மூன்றாம் முறை படிக்கும்போது எல்லா வரியும் தெரிந்த வரியாகவே தோன்றும். அடுத்த பத்தியில் என்ன வரும், படம் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூட மனதுக்கு வந்துவிடும். சரி, இது முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். எதிரே வருகிறவரின் முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறதே, அந்த நிலைதான் இது. தேர்வு அறையில் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை உங்களிடமிருந்து எடுக்கச் சொல்கிறார்கள்.

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கட்டுரை, நான்கு சுற்று. ஒரு குழு நான்கு சுற்றிலும் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக ஒவ்வொருவரும் கட்டுரையை 14 முறை படித்திருந்தார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது, மூன்று நான்கு முறைதான் ஓட்ட முடிந்தது. மற்ற மூன்று சுற்றிலும் கட்டுரை கையில் இல்லை. நினைவிருப்பதை எல்லாம் வெற்றுத்தாளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது 14 முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரத்துக்குப் பிறகு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது அந்த 14 முறை படித்த குழுதான்.

ஆக, படிக்கும்போது "வந்துவிட்டது" என்று தோன்றுவதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த நிமிடத்தில் அது உண்மையாகவே வந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு மாதம் கழித்து வருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். ஒருவரால் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், நாள் தவறாமல் படிக்க முடிகிறது என்றால், அந்தப் படிப்பு அவ்வளவு கடினமாக இல்லை என்றுதான் பொருள். வரிகளின் மேல் கண்ணை ஓட்டுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்யலாம். மூடிய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாடத்தை முழுதாக மனதிலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள், முக்கால் மணி நேரத்தில் தலை கனத்துவிடும். அந்தக் கனம் நல்லது. பலர் அதை "எனக்கு வரவில்லை" என்று எடுத்துக்கொண்டு மறுபடி புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது.

செய்ய வேண்டியது எளிமையானதுதான். ஒரு பகுதியை ஒரு முறை, புரியும்படி நிதானமாகப் படியுங்கள். மூடுங்கள். வெற்றுத்தாளில் எழுதுங்கள்: தலைப்பு, வரையறை, சமன்பாடு, படம், எது வருகிறதோ அது. ஒன்றும் வராதபோதும் இரண்டு மூன்று நிமிடம் போராடுங்கள், உடனே எட்டிப் பார்க்காதீர்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் உங்கள் உண்மையான பாடத்திட்டம், மீதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது.

என் பாடத்திலேயே ஒன்று சொல்கிறேன். ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்களின் வினைகளான ஆல்டால் குறுக்கம், கானிசரோ வினை இரண்டையும் படித்த மாணவர்களைக் கேட்டால் "ரெண்டும் தெரியும் சார்" என்பார்கள். எழுதச் சொன்னால் விளைபொருள் சரியாக வரும், நிபந்தனை விட்டுப்போயிருக்கும். ஆல்டாலுக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் (CHO தொகுதிக்கு அடுத்த கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன்) உள்ள ஆல்டிஹைடும் நீர்த்த காரமும் வேண்டும். கானிசரோவுக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடும் அடர் காரமும். பத்து முறை படித்தாலும் இந்த ஓட்டை கண்ணில் படாது, ஏனென்றால் புத்தகத்தில் அது எப்போதும் அச்சாகி இருக்கிறது. ஒரு முறை மூடி எழுதினால் பட்டுவிடும்.

இதே இரண்டு வினைகள் இன்னொரு விஷயத்துக்கும் உதவும். ஆல்டால் பாடம் முடிந்ததும் பத்து ஆல்டால் கணக்கு, கானிசரோ முடிந்ததும் பத்து கானிசரோ கணக்கு என்று போட்டால் எல்லாம் சரியாக வரும். எந்த வினை என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்காது, தலைப்பு சொல்லிவிடும். வினாத்தாளில் "பென்சால்டிஹைடுடன் அடர் சோடியம் ஹைட்ராக்சைடு வினைபுரியும்போது" என்றுதான் வரும், தலைப்பு வராது. கணக்குப் பாடத்தில் இன்னும் மோசம். தொகையிடலில் பிரதியிடலா, பகுதித் தொகையிடலா என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பயிற்சி முழுவதும் ஒரே வகையாக இருந்தால் அந்தப் பாதியை நீங்கள் செய்யவே இல்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணக் கற்றுக்கொடுத்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. பிரித்துச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. நான் வகுப்பில் கலப்புப் பயிற்சி கொடுத்தால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும், தப்பு அதிகமாக வருகிறதே என்று. வீட்டில் தப்பு வந்தால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

அடுத்தது இடைவெளி. 1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்தார். மறதி முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் பாய்கிறது, பிறகு தணிந்துவிடுகிறது. உங்கள் பாடங்கள் பொருளற்றவை அல்ல (சில நாள் அப்படித் தோன்றும்), அதனால் அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் போக்கு இதேதான். ஒரு பாடத்துக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 6 மணி நேரம் கொடுப்பதைவிட, அதே 6 மணி நேரத்தை நாலைந்து நாளாகப் பிரித்து இரண்டு மாதத்தில் தெளித்தால் நிற்கும். முதல் முறை படித்த இரண்டு நாளில் ஒரு முறை எழுதிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து ஒரு முறை, அப்புறம் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை. கொஞ்சம் மறந்தபிறகு முயன்று எடுப்பதில்தான் பலன். மறப்பதற்குள் மறுபடி படித்துவிட வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை.

ஹைலைட்டர், பல வண்ண நோட்ஸ் எல்லாம் தனியாக ஒரு பொழுதுபோக்கு. 2013-இல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை எடை போட்டபோது, அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்த வரிசையில் விழுந்தன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டும்தான் உயர்ந்த பயன் என்ற பெயரை வாங்கின.

உங்கள் தோழி விஷயத்துக்கு வருகிறேன். அவள் 4 மணி நேரம் எப்படிப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை வகுப்பில் கவனித்துவிட்டு வருகிறாள், ஒருவேளை போன ஆண்டுகளின் அடிப்படை அவளுக்குத் திடமாக இருக்கிறது. இந்த 4 மணி நேரத்தின் பின்னால் நீங்கள் பார்க்காத பல மணி நேரம் இருக்கலாம். அதனால் அவள் நேரத்தை உங்கள் நேரத்தோடு ஒப்பிட்டு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. "ஸ்மார்ட்டாகப் படித்தால் ஒரு மணி நேரம் போதும்" என்று விற்கிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நேரத்துக்கு ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. கணக்கில் கை ஓட நிறையப் போட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழியே கிடையாது. இயற்பியலில் வருவித்தல் எழுதப் பழகவும், மொழிப்பாடத்தில் கட்டுரை எழுதிப் பழகவும் நேரம் கொடுத்தே தீரவேண்டும். முறை சரியாக இருந்தால் கொடுத்த நேரம் வீணாகாது, அவ்வளவுதான். நேரமே கொடுக்காதவருக்கு முறை என்ன செய்யும்?

விடைத்தாள் திருத்துகிற மேசையிலிருந்தும் சில விஷயங்கள். எங்களுக்கு ஒரு விடைக்குறிப்பு தருவார்கள், எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று. நாங்கள் அதைத் தேடித்தான் படிக்கிறோம். "ஏன்" என்று கேட்ட கேள்விக்கு "என்ன" என்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பவருக்கு அந்த ஒன்றரைப் பக்கத்துக்கும் சேர்த்து மதிப்பெண் வராது. வேறுபடுத்துக என்றால் இரண்டையும் தனித்தனியாக விவரித்துவிட்டுப் போய்விடுவார்கள், வேறுபாடு எங்கே என்று நாங்கள் துழாவ வேண்டும். கணக்கில் விடை சரி, அலகு இல்லை. இவர்கள் யாரும் படிக்காதவர்கள் அல்ல, எழுத்தைப் பார்த்தாலே தெரியும் நிறையப் படித்தவர்கள் என்று. படித்ததைக் கேள்விக்கு ஏற்றபடி மாற்றி எழுதிப் பழகவில்லை. அதனால் பழைய வினாத்தாள்களைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். இந்த வாரமே ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து, இடையில் எழாமல் முழுதாக எழுதுங்கள். விடைக்குறிப்பு கிடைத்தால் அதை வைத்து, உங்களைப் பிடிக்காத ஒருவர் திருத்துவதுபோல நீங்களே திருத்துங்கள். போன ஒவ்வொரு மதிப்பெண்ணையும் ஒரு நோட்டில் காரணத்தோடு குறியுங்கள்: தெரியவில்லையா, தெரிந்தும் மறந்ததா, கேள்வியைத் தப்பாகப் படித்ததா, நேரம் போதவில்லையா. நாலுக்கும் மருந்து வேறு வேறு. தெரியாததற்குத்தான் புத்தகம். நேரம் போதாததற்கு இன்னும் நாலு வினாத்தாள் எழுதுவதுதான் வழி, புத்தகத்தோடு இன்னும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அது சரியாகாது.

கண்விழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமெரிக்காவில் 535 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்து, 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. பள்ளிப் பருவத்தின் வெவ்வேறு ஆண்டுகளில், ஒவ்வொரு முறையும் 14 நாள், படித்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் குறித்து வந்தார்கள். வழக்கமாகத் தூங்குவதைக் குறைத்துக்கொண்டு படித்த இரவுக்கு மறுநாள், வகுப்பில் பாடம் புரியாமல் போவதும் தேர்வில் சொதப்புவதும் கூடியிருந்தது. வழக்கமாக அவர் எவ்வளவு படிப்பவராக இருந்தாலும் இதே கதைதான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அன்று படித்தது மனதில் படிவதிலும் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது, அதனால் தூக்கத்தைப் படிப்புக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

சரி, எண்ணாக ஒன்று வேண்டும் என்றால்: பள்ளி இருக்கும் நாளில் மூன்று மணி நேரம், விடுமுறை நாளில் ஐந்து ஆறு மணி நேரம், அதில் பாதிக்கு மேல் புத்தகம் மூடியிருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், போன் வேறு அறையில் இருக்கட்டும். முதல் ஒரு வாரம் குறைவாகப் படிப்பதுபோல் இருக்கும், வீட்டில் "மேசையில் ஆளையே காணோமே" என்பார்கள். எழுதிய தாள்களைக் காட்டுங்கள், வேறு நிற மையோடு சேர்த்து.